பார்லர் அக்காவும் டிரம்மின் உயரமும்

பார்லர் அக்காவின் உயரம் நாலடி பத்து அங்குலம். அதில் ஓர் அங்குலம் கொண்டையின் பங்களிப்பு என்பது அவளுடைய நாத்தனாரின் வாதம். அக்கா அதை ஏற்பதில்லை. கொண்டையை அவிழ்த்துவிட்டு அளந்தாலும் அதே நாலடி பத்துதான் வரும் என்று அடித்துச் சொல்வாள். ஆனால் அவிழ்த்துவிட்டு அளக்க இதுவரை யாரையும் அனுமதித்ததில்லை.

உயரம் ஒரு குறை என்று அவளுக்கு எப்போதுமே தோன்றியதில்லை. அதற்குத் தொழில்தான் காரணம். பெண்களுக்கு முடி வெட்டும் கடையில் உயரம் என்பது கடைக்காரியின் கவலை அல்ல, நாற்காலியின் கவலை. வந்தவர் யாராக இருந்தாலும் உட்கார்ந்த மறுகணம் அக்காவின் வலது கால் நாற்காலிக்குக் கீழே இருக்கும் மிதியைத் தேடிப் போய்விடும். மூன்று மிதி, நாலு மிதி. தலை தானாக எழும்பி வந்து, அக்காவின் கை எங்கே இருக்கிறதோ அங்கே நின்றுகொள்ளும். வங்கி மேலாளரின் தலை, தலைமையாசிரியையின் தலை, வீட்டில் யாருக்கும் அடங்காத மாமியார்களின் தலை என்று ஊரின் முக்கியமான தலைகள் எல்லாம் இருபத்தாறு வருடமாக இப்படித்தான் அவள் கையளவுக்கு வந்து நின்றிருக்கின்றன. உலகமே தன் உயரத்துக்கு வந்து சேரும் என்று நம்பிப் பழகிவிட்ட அப்படிப்பட்ட ஒருத்தியிடம், அசைந்து கொடுக்காத பொருள் ஒன்று வந்து மாட்டியது. ஒரு டிரம்.

அது வந்த வழி இதுதான். அதே தெருவில் மருந்துக்கடைக்கு மேல்மாடியில் ஞாயிறுதோறும் மாலை ஆறு மணிக்கு எட்டுப் பேர் கூடி வாசிப்பார்கள். மருந்துக்கடைக்காரர்தான் தலைவர், கிளாரினெட் அவருடையது. டிரம் வாசித்துக்கொண்டிருந்தவர் வேலை மாற்றலாகி வேறு ஊருக்குப் போய்விட்டார். டிரம்மும் அதன் ஸ்டாண்டும் குழுவின் சொத்து என்பதால் அவை மட்டும் மாடியிலேயே தங்கிவிட்டன. அகலம் பதினாலு அங்குலம். அடித்தோலில் மெல்லிய கம்பிகள் இழுத்துக் கட்டியிருக்கும். மேலே ஓர் அடி விழுந்தால் கீழே அந்தக் கம்பிகள் சரசரவென்று பேசும். ஒரு மாதமாக அது யாரோடும் பேசாமல் மூலையில் கிடந்தது.

மருந்துக்கடைக்காரரின் மனைவி ஒருநாள் தலைக்குச் சாயம் பூசிக்கொள்ளப் பார்லருக்கு வந்தார். சாயம் ஊற நாற்பது நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் அக்காவின் கை சும்மா இருக்காது. வால் சீப்பு இரண்டை எடுத்து, ஊசி கிளிப் போட்டு வைக்கும் பிளாஸ்டிக் டப்பாவின் மூடியில் தட்டிக்கொண்டிருப்பாள். அன்றைக்கும் தட்டினாள். அந்த அம்மாள் சாயத்தோடு தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டதில் காதோரம் கறுப்பாகிவிட்டது. வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னார்: "ஊரெல்லாம் டிரம் வாசிக்க ஆள் தேடுறீங்களே, ஆளு என் தலைக்குப் பின்னாடிதான் நின்னுட்டிருந்தா."

மருந்துக்கடைக்காரர் நேரில் வந்து கேட்டார்.

"எனக்கு என்ன சார் தெரியும்?" என்றாள் அக்கா.

மறுபடி கேட்டார். மறுபடியும் அதையேதான் சொன்னாள். மூன்றாவது முறையும் அதே பதில்தான். ஆனால் நாலாவது தடவை கேட்காமல் போய்விடப் போகிறாரே என்கிற பதற்றம் அந்தப் பதிலில் தெளிவாகக் கேட்டது. கடை ஓரத்தில் துண்டு மடித்துக்கொண்டிருந்த நாத்தனார் தலையிட்டாள்.

"அண்ணி ஞாயித்துக்கிழமை அஞ்சே முக்காலுக்கே வந்துடுவாங்க சார். நீங்க போங்க."

ஞாயிற்றுக்கிழமை அக்கா போய் ஸ்டூலில் உட்கார்ந்து, குச்சியை எடுத்து, முதல் அடி அடித்தாள். 'கட்' என்று ஒரு சத்தம் வந்தது. அது டிரம்மின் சத்தம் அல்ல. டிரம்மைச் சுற்றியிருக்கும் இரும்பு விளிம்பின் சத்தம். அடுத்த அடி தோலில் விழுந்தது. அதற்கடுத்தது மறுபடி 'கட்'.

அந்த ஸ்டாண்டு உட்கார்ந்து வாசிப்பவர்களுக்கென்று செய்தது. முன்பு வாசித்தவருக்குக் கால் நீளம். அக்கா அந்தக் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்தால் டிரம் நெஞ்சுக்கு நேராக நின்றது. பார்ப்பவர்களுக்கு அவள் அதிலிருந்து ஏதோ எடுத்துச் சாப்பிடப் போவதுபோல் இருந்தது. ஸ்டாண்டின் திருகைத் தளர்த்தி இறக்கிப் பார்த்தார்கள். அப்போது முழங்கால் இரண்டும் இடித்தன. ஸ்டூலின் மேல் இரண்டு தலையணை போட்டார்கள். கால் தரையிலிருந்து கிளம்பி அந்தரத்தில் தொங்கியது.

"கால் தரையில படலைன்னா எனக்குக் கை வராது சார்" என்றாள் அக்கா.

"கைக்கும் காலுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"அது எனக்குத் தெரியாது சார். கைக்குத்தான் தெரியும்."

நின்றுகொண்டு வாசிக்கலாம் என்று பார்த்தால், ஸ்டாண்டை எவ்வளவு ஏற்றினாலும் தொடைக்கு மேல் வர மறுத்தது. குனிந்து வாசித்தாள். பத்து நிமிடத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது. மருந்துக்கடைக்காரர் எதையும் மாத்திரைக் கவரின் பின்பக்கத்தில் குறித்து வைப்பவர். அன்று ஒத்திகை முடிந்ததும் கவரைப் பார்த்து அறிவித்தார்: "மொத்தம் முப்பத்தொரு 'கட்'."

இதற்கிடையில் இன்னோர் ஆள் இருந்தார். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஆறடி ஓர் அங்குலம். எதற்கும் பதறாதவர், கற்றுக்கொள்ள வருகிறவர்கள் சுவரில் மோதப் போகும்போதும் "மெதுவா, மெதுவா" என்று மட்டுமே சொல்லிப் பழகிய குரல். அவர் குழுவில் இல்லை. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். சட்டைப் பையில் சொந்தக் குச்சி இரண்டு நீட்டிக்கொண்டிருக்கும்.

"என்ன மாஸ்டர், நீங்களும் சேந்துட்டீங்களா?" என்று அக்கா கேட்டாள்.

"இல்லைக்கா. சும்மா கேக்க வந்தேன்."

"கேக்கறவருக்கு எதுக்குக் குச்சி?"

"எப்பவும் கூடவே இருக்கும்க்கா. வண்டியில ஸ்டெப்னி இல்லையா, அந்த மாதிரி."

ஸ்டெப்னியின் உபயோகம் என்ன என்பதை இரண்டு வாரம் கழித்து மருந்துக்கடைக்காரர் விளக்கினார். வரும் மாதம் முதல் ஞாயிறு நூலகத்தின் புதுக் கட்டடத் திறப்பு விழா. குழுவுக்கு மூன்று பாட்டு. குழு இதுவரை மாடியை விட்டு இறங்கி வெளியே வாசித்ததே இல்லை.

"மூணு பாட்டும்மா. நடுவுல ஒரு இடத்துலயும் நிக்கக்கூடாது. உங்க கை நல்ல கை, எனக்குத் தெரியும். ஆனா டிரம் நின்னுச்சுன்னா எல்லாரும் நின்னுடுவோம். ஒருவாட்டி நின்னாலும், அதுக்கப்புறம் டிரம்மை மாஸ்டர்கிட்ட கொடுத்துடுவேன். நீங்க தப்பா எடுத்துக்கக்கூடாது."

"நான் ஸ்டாண்டைத் தொடக்கூட மாட்டேன்க்கா. இருக்கற உயரத்துலயே வாசிச்சுப்பேன்" என்றார் மாஸ்டர், மிக அன்பாக.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ஐம்பதை நெருங்கும் ஒரு பெண்மணி, கடை, வீடு, கணவர், நாத்தனார் என்று எல்லாம் குறைவின்றி அமைந்தவள், பதினாலு அங்குல வட்டத்துக்காக ஏன் இத்தனை பாடு படவேண்டும்? அவளே நாத்தனாரிடம் ஒருநாள் சொன்னாள். இருபத்தாறு வருடத்தில் அவள் அதிகம் சொன்ன வார்த்தை "அசையாதீங்க" என்பதுதான். ஒரு நாளைக்கு நூறு தடவை. விரல் நுனியால் தலையைப் பிடித்து நேராக்கி, அசையாதீங்க. வேலை முடிந்ததும் கண்ணாடியைக் காட்டினால், வந்தவர் தன் முகத்தைத்தான் பார்ப்பார். பெருமூச்சு விட்டுவிட்டுப் போவார். ஆனால் மாடியில், 'கட்' விழாத அந்த ஒன்றிரண்டு நிமிடங்களில், எதிரே இருந்த தலைகள் எல்லாம் அசைந்தன. யாரும் சொல்லாமலே அசைந்தன. அக்காவுக்கு அதைத் தடுக்க வேண்டியிருக்கவில்லை.

"அதுக்காகத்தான்டி" என்றாள்.

நாத்தனார் கேலிக்காரிதான். ஆனாலும் அன்றைக்குக் கேலியை விட்டுவிட்டுத் துண்டை மடித்தாள்.

விஷயம் அக்காவின் கணவரின் காதுக்குப் போனது. அவர் வீடுகளுக்குச் சமையலறை அலமாரி பொருத்துபவர். டேப் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. கல்யாணப் போட்டோவிலும் இடுப்பில் ஒரு புடைப்பு தெரியும். உயரம் என்ற வார்த்தை தன் வீட்டில் இத்தனை நாளாகப் புழங்கியும் தன்னை யாரும் கேட்கவில்லையே என்று அவருக்கு மனத்தாங்கல்.

"உயரம்னா அதுக்கு ஒரு கணக்கு இருக்கு. நீங்க பாட்டுக்குத் தலையணையைப் போட்டுட்டிருக்கீங்க. நேரா நில்லு. கையை மடக்கு."

அக்கா நின்றாள். அவர் தரையிலிருந்து முழங்கை வரைக்கும் அளந்தார். அதிலிருந்து நாலு அங்குலம் கழித்தார். தொழிலில் முப்பது வருட அனுபவம் சொல்லும் விதி அது: நின்று வேலை செய்யும் பெண்ணுக்குச் சமையல் மேடை, முழங்கைக்கு நாலு அங்குலம் கீழே. எட்டே நாளில் ஒரு ஸ்டாண்டு செய்துவிட்டார். பிளைவுட், மேலே வெளிர் நிற லேமினேட், கை கிழிக்காதபடி உருட்டிய ஓரம். முன்பக்கம் ஒரு டிராயர்.

"டிராயர் எதுக்குங்க?"

"குச்சி வைக்க."

"குச்சி என் கையில இல்ல இருக்கும்?"

"எப்பவும் கையிலயேவா வச்சிருப்ப?" என்று கேட்டுவிட்டு டிராயரை இழுத்து விட்டார். அது சத்தமே இல்லாமல் தானாக மூடிக்கொண்டது. அந்த அமைதியை அவர் கொஞ்ச நேரம் ரசித்துக்கொண்டு நின்றார்.

பழகிப் பார்க்க மாடியிலிருந்து வீட்டுக்கு எடுத்து வந்திருந்த டிரம்மை அதன்மேல் வைத்து அக்கா வாசித்தாள். இடுப்பு வலி இல்லை. முழங்கால் இடிக்கவில்லை. ஒரு 'கட்' கூட விழவில்லை. ஆனால் டக டக டக டக என்று ஒரே சீராக, ஏற்றமும் இறக்கமும் இல்லாமல், வேகமாக ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. எந்தப் பாட்டுக்கு வாசித்தாலும் அதே சத்தம்தான். இடது கை குச்சியை விட்டுவிட்டு எதையோ பிடித்துத் தள்ளித் தள்ளிக் கொடுக்கப் பார்த்தது.

உள்ளேயிருந்து நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "எத்தனை பேருக்குச் சமையல் அண்ணி?"

அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது. அது வெங்காயத்தின் உயரம். இந்த உயரத்தில் முப்பது வருடமாக அக்காவின் கை ஒரே ஒரு வேலையைத்தான் செய்திருக்கிறது. மேடை அந்த உயரத்துக்கு வந்துவிட்டால், முன்னால் இருப்பது டிரம்மா வெங்காயமா என்று கை விசாரிக்காது.

ஞாயிறு ஒத்திகையில் மருந்துக்கடைக்காரர் கண்ணை மூடிக் கேட்டார். "ஒரு குத்தமும் சொல்ல முடியலம்மா. ஆனா கேக்கக் கேக்கப் பசிக்குது."

கடைசி நாற்காலியில் மாஸ்டர் தன் குச்சிகளை ஒருமுறை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பையில் வைத்துக்கொண்டார்.

விழாவுக்கு முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம், அக்கா டிரம்மைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். அப்படியே போய் மருந்துக்கடையில் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவு. "மாஸ்டரே வாசிக்கட்டும். நான் முன் வரிசையில உக்காந்து கேட்டுக்கறேன்" என்று காலையிலிருந்து மூன்று தடவை சொல்லிவிட்டாள். நாத்தனார் மூன்று தடவையும் "சரி அண்ணி" என்றதில் அவளுக்கு வருத்தம். ஒரு தடவையாவது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்.

வெளியே நல்ல மழை. மருந்துக்கடைக்கு உடனே போக முடியாது. கடைத் தரையை அப்போதுதான் துடைத்திருந்தார்கள். ஈரத்தில் டிரம்மை வைக்க மனம் வராமல் அக்கா சுற்றிலும் பார்த்தாள். நாற்காலி காலியாக இருந்தது. சற்று முன்பு ஒரு சின்னக் குழந்தைக்கு முடி வெட்டியிருந்ததால், குழந்தைகளை உட்கார வைக்கும் பலகை நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளுக்கும் குறுக்கே அப்படியே கிடந்தது. டிரம்மை அந்தப் பலகைமேல் வைத்தாள்.

வைத்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். ஆனால் அந்த நாற்காலியில் எது வந்து உட்கார்ந்தாலும் அக்காவின் வலது கால் என்ன செய்ய வேண்டும் என்று உத்தரவு கேட்பதில்லை. ஒரு மிதி, இரண்டு, மூன்று, நாலு. டிரம் எழும்பி வந்து நின்றது.

"ஏன் அண்ணி, அதுக்குத் துணி போத்தலையா? கழுத்துல முடி விழுமே" என்றாள் நாத்தனார்.

அக்கா மேசைமேல் இருந்த வால் சீப்பு இரண்டையும் எடுத்தாள். தட்டினாள். சத்தம் அமுங்கி வந்தது. அடித்தோல் பலகையில் ஒட்டியிருந்ததால் கம்பிகளுக்குப் பேச வழியில்லை. ஒரு துண்டை நீளமாகச் சுருட்டி, வளையமாக்கி, டிரம்மை அதன்மேல் ஏற்றினாள். அடியில் காற்று புகுந்தது. மறுபடி தட்டினாள்.

கம்பிகள் பேசின. நின்று நின்று, ஓடி ஓடி, ஒரு இடத்தில் கிள்ளிவிட்டு அடுத்த இடத்தில் தடவிக் கொடுத்து, டிரம் பேசியது. முழங்கை இரண்டும் சற்று உயர்ந்து, மணிக்கட்டு தளர்ந்து, கத்தரியும் சீப்பும் பிடித்து இருபத்தாறு வருடம் அந்தக் கை எங்கே நின்றதோ அதே இடத்தில் நின்றது. பக்கத்து நாற்காலியில் தலையில் சாயத்தோடு வங்கி மேலாளர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். கோப்பில் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறெதற்கும் அசையாதவர் என்று பெயர் எடுத்தவர். அவருடைய தலை ஆடியது. சாயம் கன்னத்தில் கோடு போட்டதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"அண்ணி" என்றாள் நாத்தனார், கேலி எல்லாம் போன குரலில், "இதைத் திருப்பிக் கொடுத்துடாதீங்க."

கணவருக்குப் போன் போனது. அவர் வந்து டேப்பை நீட்டி, தரையிலிருந்து டிரம்மின் மேல்தோல் வரைக்கும் அளந்தார். முப்பத்தெட்டரை அங்குலம். அவர் முகம் வாடியது. முழங்கைக்கு மேலே இரண்டரை அங்குலம். தொழிலில் இப்படி ஒரு மேடையை அவர் கேள்விப்பட்டதே இல்லை.

"நாளைக்கு நாலு மணிக்குள்ள இந்த உயரத்துல ஒண்ணு செய்ய முடியுமா?" என்று அக்கா கேட்டாள்.

"டிராயரோடவா?"

"டிராயர் இல்லாம."

அவர் வெகுநேரம் யோசித்தார். "டிராயர் இல்லாமன்னா..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். அந்தத் தயக்கத்திலேயே மழை விட்டுவிட்டது. கடைசியில் மூவரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். நாற்காலியே போகட்டும்.

நாற்காலியின் எடை ஐம்பத்தெட்டு கிலோ. அடியில் இருப்பது முழு இரும்புத் தட்டு. மறுநாள் கணவருடைய அலமாரி வேனில் அதை ஏற்றி, நூலகத்துக்குக் கொண்டுபோய், ஆறு படி ஏற்றி மேடையில் வைத்தார்கள். ஏற்றுவதற்கு இரண்டு பேர் கை கொடுத்தார்கள். ஒருவர் காவலாளி. மற்றவர் மாஸ்டர், விஷயம் என்னவென்று தெரியாமலே அன்போடு தூக்கினார்.

மருந்துக்கடைக்காரர் கிளாரினெட்டைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்தார். "என்னம்மா இது?"

"ஸ்டாண்டு சார்."

"இது நாற்காலிம்மா."

"உக்காந்தா நாற்காலி சார். டிரம்மை வச்சா ஸ்டாண்டு."

அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். அது இன்னும் நாற்காலியாகவே இருந்தது. கீழே வரிசைகளில் முந்நூறு பேர் உட்கார்ந்துவிட்டார்கள். ஒலிபெருக்கியில் யாரோ ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தார். இனி வாதம் செய்ய நேரமில்லை.

"நிக்கக்கூடாதும்மா" என்றார் தாழ்ந்த குரலில். "நான் சொன்னது ஞாபகம் இருக்குல்ல?"

மாஸ்டர் மேடையின் ஓரத்தில், இரண்டே எட்டில் டிரம்மை எட்டக்கூடிய இடத்தில், நின்றுகொண்டார்.

முதல் பாட்டு தொடங்கியது. அதைப்பற்றிச் சொல்ல அதிகமில்லை. சரியாகப் போகும் எதைப்பற்றியும் சொல்ல அதிகம் இருப்பதில்லை. அக்கா நான்கு மிதி மிதித்து, நிமிர்ந்து நின்று வாசித்தாள். முந்நூறு தலைகளில் பாதித் தலைகள் அவளுக்குத் தெரிந்தவை; எந்தத் தலையில் சுழி எங்கே, எதில் நரை எப்போது விழுந்தது என்பது வரைக்கும் தெரியும். அவற்றை அசையாமல் பிடித்து வைக்கத்தான் அவளுக்குச் சம்பளம். இன்று அவை வரிசை வரிசையாக அசைந்தன. தலைமையாசிரியை ஆடினார். வங்கி மேலாளர் ஆடினார். நூலகத்தைத் திறந்து வைக்க வந்திருந்த பெரிய அதிகாரிக்கு ஆட்ட முடி இல்லை. வெறும் தலையை ஆட்டினார். பாட்டு முடிந்தது. கைதட்டல் எழுந்தது.

அந்தக் கைதட்டலில்தான் விபரீதம் நடந்தது.

ஒரு தலையின் வேலை முடிந்ததும் கடையில் மூன்று காரியங்கள் நடக்கும். நாற்காலியைக் கண்ணாடி பக்கம் திருப்புவாள். மிதியைக் கீழ்நோக்கி அழுத்திப் பிடிப்பாள், வந்தவர் காலை ஊன்றி இறங்குவதற்கு வசதியாக. பிறகு பிரஷ்ஷால் கழுத்தோரம் தட்டிவிட்டு ஒரு கேள்வி கேட்பாள். பாட்டு நல்லபடியாக முடிந்துவிட்ட நிம்மதியில் அக்கா மூன்றையும் செய்தாள். டிரம்மைச் சபை பக்கம் திருப்பினாள். காலால் மிதியை அழுத்தினாள். புஸ்ஸ் என்று பெருமூச்சு விட்டபடி டிரம் கீழே இறங்கியது. கையால் அதன் ஓரத்தைத் தட்டிவிட்டாள். மைக் பக்கத்திலேயே இருந்ததால் அவள் கேட்டது முந்நூறு பேருக்கும் தெளிவாகக் கேட்டது:

"பாத்துக்கங்க, சரியா இருக்கா?"

நாத்தனார் இரண்டாவது வரிசையில் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

அக்காவுக்குத் தான் செய்தது புரிவதற்குள் மருந்துக்கடைக்காரர் தலையை ஆட்டி இரண்டாவது பாட்டைத் தொடங்கிவிட்டார். அவருக்குப் பின்னால் நடந்தது அவருக்குத் தெரியாது. கிளாரினெட் கிளம்பிவிட்டது, மற்ற ஆறு பேரும் கிளம்பிவிட்டார்கள். டிரம் ஐந்து அங்குலம் கீழே இருந்தது. நின்றால் போயிற்று. அக்கா குனிந்து வாசித்தாள். டக டக டக டக. முதல் நாலு அடியிலேயே கை சமையலறைக்குப் போய்விட்டது. மருந்துக்கடைக்காரரின் முதுகு விறைத்ததை அவள் பார்த்தாள். ஓரத்தில் மாஸ்டர் குச்சிகளைப் பையிலிருந்து உருவுவதையும் பார்த்தாள். ஓர் எட்டு வைத்தார்.

கையை நிறுத்தக்கூடாது. கால் சும்மாதானே இருக்கிறது.

அக்கா மிதித்தாள். கிரீச் என்றது நாற்காலி. கடையில் அந்தச் சத்தம் முடி உலர்த்தும் மெஷின் இரைச்சலில் அமுங்கிவிடும். இங்கே மண்டபம் முழுக்கக் கேட்டது. டிரம் ஓர் அங்குலத்துக்குமேல் ஏறியது. அடுத்த மிதியை அவள் அவசரப்பட்டு மிதிக்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று விட்டு, நாலாவதில் மிதித்தாள். கிரீச். கை அடித்துக்கொண்டே இருந்தது. டிரம் இன்னும் கொஞ்சம் ஏறியது. வெங்காயம் விலகத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று, கிரீச். சபையில் யாரோ சிரித்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. இந்தத் தடவை அந்த நாலாவதை முந்நூறு பேரும் எதிர்பார்த்தார்கள். கிரீச். கைதட்டல் பாட்டின் நடுவிலேயே வெடித்தது. டிரம் முப்பத்தெட்டரை அங்குலத்துக்கு வந்து நின்றது. அக்காவின் முழங்கை உயர்ந்தது. கம்பிகள் மறுபடி பேசத் தொடங்கின.

மாஸ்டர் எடுத்து வைத்த எட்டைப் பின்னால் எடுத்துக்கொண்டார். குச்சியைப் பையில் வைக்க மறந்து, அதாலேயே தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாவது பாட்டு முடிந்தபோது அக்கா வலது காலை இடது காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

விழா முடிந்தது. பெரிய அதிகாரி மேடைக்கு வந்து மருந்துக்கடைக்காரரின் கையைக் குலுக்கினார். "அந்த ரெண்டாவது பாட்டுல டிரம் எழும்பி எழும்பி வந்ததே, யாருடைய யோசனை? எங்க தலைமை அலுவலக விழாவுக்கும் நீங்க வரணும். அது கட்டாயம் இருக்கணும்."

மருந்துக்கடைக்காரர் கிளாரினெட்டைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "குழுவா உக்காந்து யோசிச்சதுங்க" என்றார்.

அதிகாரி போனதும் அக்கா மெல்ல வந்தாள். "சார், அது தப்பா நடந்தது. கால் பழக்கம். ஒரு நாலு அடி கெட்டுப்போச்சு. எனக்குத் தெரியும். நீங்க என்ன சொன்னாலும்..."

"நின்னுச்சா?"

"இல்லை சார்."

"நிக்கலைன்னா அப்புறம் என்ன? தப்புன்னு நமக்குத்தான் தெரியும்." கவர் ஒன்றை எடுத்தார், எழுதப் போனார், பிறகு என்ன நினைத்தாரோ மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். "அடுத்த ஞாயிறு ஆறு மணி. லேட் பண்ணாதீங்க. டிரம் உங்ககிட்டயே இருக்கட்டும். அந்த இரும்பை வாராவாரம் மாடிக்கு ஏத்த என்னால ஆகாது; உங்க கடையிலயே ஒத்திகை வச்சுக்கலாம்." பிறகு மாஸ்டர் பக்கம் திரும்பி, "நீங்க அந்தப் பக்கம் பிடிங்க மாஸ்டர்" என்றார்.

மாஸ்டர் பிடித்தார். ஆறடி ஓர் அங்குலம் இருப்பதன் ஒரே பலன், படியில் இறக்கும்போது பாரம் முழுவதும் அவர்மேல் விழுந்ததுதான். "மெதுவா, மெதுவா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வேனில் முன்னால் இரண்டு பேர்தான் உட்காரலாம். கணவரும், வெளிர் நிற லேமினேட் போட்ட அந்த ஸ்டாண்டும் அங்கே இருந்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று அவர் அதையும் கொண்டுவந்திருந்தார். நாத்தனார் பின்னால் ஏறி ஓரத்தில் குந்திக்கொண்டாள். அக்காவுக்கு உட்கார இடமில்லை. இருந்த ஒரே இடம் அந்த நாற்காலிதான். இருபத்தாறு வருடத்தில் அவள் அதில் ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை. சற்றுத் தயங்கி, டிரம்மை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கால் தரையில் படவில்லை. டிரம் மோவாய் வரைக்கும் வந்து வெளியுலகை மறைத்தது.

மாஸ்டர் வேனின் கதவைச் சாத்த வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"உயரம் சரியா இருக்காக்கா?"

அக்கா டிரம்முக்கு மேலாக எக்கிப் பார்த்தாள். தெருவில் நூலகத்திலிருந்து கலைந்து போகிறவர்களின் தலைகள் போய்க்கொண்டிருந்தன.

"ஒண்ணும் தெரியல மாஸ்டர்" என்றாள். "ஏய், இன்னும் ரெண்டு மிதி மிதிடி."

"கூரையில இடிக்கும் அண்ணி" என்றாள் நாத்தனார். சொல்லிக்கொண்டே காலை நீட்டி மிதியைத் தேடினாள்.